வெள்ளையர் ஆட்சியில் தொழிலாளர் அரசியல்: சென்னை மாகாணம் 1908–1947, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கமே இல்லாத காலத்தில் ஒரு ஆலைத் தொழிலாளி யாரிடம் முறையிட்டார்?

மேஸ்திரியிடம். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவர், வேலையில் சேர்த்தவர், கைமாற்றுக் கடன் கொடுத்தவர், தாமதமாக வந்தால் அபராதம் எழுதியவர், வேண்டாமென்றால் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர் எல்லாம் அவர் ஒருவரே. துரைமார்களுக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் நின்றவரைப் பற்றிய குறையை அவர் வழியாகவே சொல்ல வேண்டிய நிலை.

வேலையை விட்டு ஓடினால் சட்டம் பாயும். 1859 ஆம் ஆண்டின் 13 ஆவது சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவரை முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ வேலையை முடித்துத் தரவோ உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. முதலாளி சம்பளம் தராவிட்டால் அது வெறும் சிவில் வழக்கு. 1925 இல் நீக்கச் சட்டம் வரும்வரை இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தது. கூலித் தகராறு எப்படி அரசியல் தகராறாக மாறியது என்று கேட்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே மாஜிஸ்திரேட் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருந்தார்.

ஆலைச் சட்டங்கள் ஒன்றும் இல்லையா?

இருந்தன. 1881 இன் முதல் சட்டம் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இயந்திர ஆலைகளுக்கு மட்டும் பொருந்தியது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை, ஏழு முதல் பன்னிரண்டு வரை நாளுக்கு 9 மணி நேரம். 1891 இல் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பும், வார விடுமுறையும், நடுப்பகலில் அரை மணி ஓய்வும் வந்தன. ஆண்களின் வேலை நேரத்துக்கு முதல் வரம்பு 1911 இல்தான், அதுவும் நெசவு, நூற்பாலைகளில் மட்டும்: 12 மணி. 1922 இல் நாளுக்கு 11, வாரத்துக்கு 60. 1934 இல் ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54. 1946 இல் 48.

இந்த எண்களை வைத்துக்கொண்டு அன்றைய வாழ்க்கையைக் கணிப்பது தவறு. விதிவிலக்கு வாங்குவது எளிது, ஆய்வாளர்கள் குறைவு, தொழிலாளியின் கையில் கடிகாரம் கிடையாது. 1891 சட்டத்தில் இருந்த வார விடுமுறையை 1908 இல் தூத்துக்குடித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் கேட்க வேண்டியிருந்தது.

1908 கோரல் ஆலை வேலைநிறுத்தத்தில் அப்படி என்ன சிறப்பு?

தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தின் கோரல் நூற்பாலை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் பேசிவந்தார்கள். வ.உ.சி. ஏற்கெனவே சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தி வெள்ளையர் கப்பல் வணிகத்தோடு நேருக்கு நேர் மோதியவர். பிப்ரவரி 27 அன்று ஆலை நின்றது. கோரிக்கைகள் எளியவை: கூலி உயர்வு, வார ஓய்வு, வேலை நேரக் குறைப்பு. ஊர் முழுதும் துணை நின்றது. வியாபாரிகளும் வக்கீல்களும் பண உதவி செய்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது.

வெற்றிக்குக் காரணம் வேலைநிறுத்தம் குறுகியதாக இருந்ததும், வெளியே அரிசிக்கு வழி செய்யப்பட்டிருந்ததும்தான். சங்கம் என்ற அமைப்பு எதுவும் பின்னால் இல்லை. அதனால் மார்ச் 12 இல் வ.உ.சி. கைதானதும் தாங்கிப் பிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. கைதுக்கு எதிராகத் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். கூலிக்காக இல்லாமல் ஒரு தலைவரின் கைதை எதிர்த்து ஆலை நின்றது இந்தியாவிலேயே மிக முற்பட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் திலகர் தண்டனையை எதிர்த்து ஆறு நாள் வேலையை நிறுத்தியது அதற்குப் பிறகு, ஜூலையில். மார்ச் 13 இல் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்தவை இரண்டு ஆயுள் தண்டனைகள், மேல்முறையீட்டில் குறைந்தன.

சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஏன் முதல் சங்கம் என்கிறார்கள்?

முன்பும் சில அமைப்புகள் இருந்தன. பம்பாயில் லோகாண்டே 1880களிலேயே ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி மனுக் கொடுத்தார். ஆனால் உறுப்பினர் பட்டியல், மாதச் சந்தா, நிர்வாகக் குழு, முறையான கூட்டம் என்று நவீன அர்த்தத்தில் இயங்கியது 1918 ஏப்ரல் 27 இல் பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம். பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் அதன் அடித்தளம். தலைவர் பி.பி.வாடியா, துணைத்தலைவர்களுள் திரு.வி.க. பெயர் முன்னே நிற்கிறது. உண்மையில் சங்கத்துக்கு விதை போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும். இருவரும் சிறு வணிகர்கள். பக்திச் சொற்பொழிவுகள் நடந்த ஒரு சபைக்கு வந்த ஆலைத் தொழிலாளர்கள் அங்கே தங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். சங்கத்தின் முதல் கூடம் ஒரு பஜனை மடத்தின் நிழலில் இருந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது. மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்தில்தான் அமைப்பு முளைக்கும்.

முதலில் கேட்டது சோற்று நேரம். அரை மணியில் ஆலை வாசலைத் தாண்டி வந்து, கை கழுவி, சாப்பிட்டு, மணி அடிக்கும் முன் திரும்ப முடியவில்லை. நாற்பது நிமிடம் கிடைத்தது. சின்ன வெற்றி, ஆனால் கூட்டாகக் கேட்டால் கிடைக்கும் என்பதை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் தெரிந்துகொண்டார்கள். போர்க்கால விலையேற்றம் மற்றதைச் செய்தது. அதே 1918 செப்டம்பரில் சென்னையில் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டன.

வாடியா மீது வழக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

1920 இறுதியில் பின்னி ஆலையில் கதவடைப்பு. டிசம்பரில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். கம்பெனி உயர்நீதிமன்றம் சென்றது: தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள், நட்ட ஈடு வேண்டும் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்கு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வேலைநிறுத்தம் செய்யச் சொல்வதே சட்டவிரோதம் என்ற நிலை. கடைசியில் சமரசமாக வாடியா இயக்கத்திலிருந்து விலகினார்.

ஒரு தடை உத்தரவு போதும், சங்கமே முடங்கிவிடும் என்பது இந்தியா முழுதும் தெரிந்துபோனது. 1921 மார்ச்சில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்ததற்கு நேரடிக் காரணம் இந்த வழக்குதான். சட்டம் வர மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம் ஏன் தோற்றது?

மாதக்கணக்கில் நீடித்து, அக்டோபரில் கோரிக்கை எதுவும் நிறைவேறாமல் முடிந்தது. பணமின்மையும் அடக்குமுறையும் உண்மையான காரணங்களே. ஆகஸ்ட் 29 அன்று மறுபடி துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஆனால் அடிப்படைக் காரணம் சாதிப் பிளவு.

ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா அவர்களை விலகி நிற்கச் சொன்னார். அவர்களைக் ‘கருங்காலி’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது பெரிய அநீதி. அவர்களுக்கு ஊரில் நிலமில்லை, கடன் தர ஆளில்லை. ஒரு வாரக் கூலி நின்றால் பட்டினி. சங்கத்தில் அவர்களுக்கு எவ்வளவு குரல் இருந்தது? முந்தைய வேலைநிறுத்தங்களின் சுமையை அவர்கள் சுமந்தார்கள். பலனைப் பகிர்ந்துகொள்வதில் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. அதோடு இது முதலாளிக்கு எதிரான போராட்டம் என்ற நிலையிலிருந்து தெருச் சண்டையாகச் சரிந்தது. அரசும் நிர்வாகமும் அந்தப் பிளவை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. ஆனால் பிளவை அவை உண்டாக்கவில்லை.

பம்பாயிலும் இதே புண். அங்கே நெசவுப் பிரிவில் கூலி அதிகம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அங்கே இடமில்லை. நூல் அறுந்தால் நாடாவின் (தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், ‘எச்சில்’ தீட்டு என்றார்கள். 1928 பெரிய வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் கேட்டார். அவர் 1936 இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியதையும், 1938 இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் எதிரிகள் என்று சொன்னதையும் புரிந்துகொள்ள புளியந்தோப்பை அறிந்திருக்க வேண்டும்.

1926 தொழிற்சங்கச் சட்டப்படி சங்கத்தை எப்படிப் பதிவு செய்தார்கள்?

சட்டம் 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஏழு உறுப்பினர்கள் விதிமுறைப் புத்தகத்தில் கையெழுத்திட்டுப் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு சங்கத்தின் பெயர், தலைமை அலுவலக முகவரி, நிர்வாகிகளின் பெயர், வயது, தொழில். விதிமுறையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: சங்கத்தின் நோக்கம், நிதியை எதற்குச் செலவிடலாம், உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம், நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, நீக்குவது, ஆண்டுத் தணிக்கை, விதியைத் திருத்தும் முறை, சங்கத்தைக் கலைக்கும் முறை. நிர்வாகிகளில் பாதிப்பேராவது அந்தத் தொழிலில் உண்மையாக வேலை செய்பவராக இருக்க வேண்டும். மறுபாதி வக்கீலோ பத்திரிகையாளரோ அரசியல்வாதியோ ஆகலாம். ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை செய்த கணக்கை அனுப்ப வேண்டும்.

தடுக்கி விழுந்தது பெரும்பாலும் இங்கேதான். சந்தா ரசீது இல்லாமல் வசூல், எழுதப்படாத செலவு, தேர்தல் நடத்தாத குழு. கணக்கு அனுப்பாவிட்டால் பதிவு ரத்தாகலாம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு குமாஸ்தா இருந்த சங்கம் நிலைத்தது. ஆவேசப் பேச்சாளர் மட்டும் இருந்த சங்கம் ஒரே வேலைநிறுத்தத்தோடு மறைந்தது.

பதிவின் பயன் இரண்டு. வேலைநிறுத்தத்துக்கு ஒப்புக்கொள்வது குற்றச் சதி ஆகாது (ஒப்புக்கொண்டதே ஒரு குற்றச் செயலாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை). வாடியா மீது போட்டது போல ஒப்பந்த மீறலைத் தூண்டியதாகச் சிவில் வழக்கும் போட முடியாது.

சங்க நிதியை அரசியலுக்குச் செலவிட முடிந்ததா?

பொது நிதியிலிருந்து முடியாது. சட்டசபை, நகராட்சித் தேர்தல் செலவு, அரசியல் கூட்டம், பிரசுரம் இவற்றுக்குத் தனி அரசியல் நிதி வைக்க வேண்டும். அதற்குப் பணம் கொடுப்பது விருப்பம். கொடுக்காதவரைச் சங்கத்தில் சேர்க்க மறுக்கவோ சலுகையைக் குறைக்கவோ கூடாது.

பதிவு செய்த சங்கத்தோடு நிர்வாகம் பேசியாக வேண்டுமா?

இல்லை. 1926 சட்டத்தின் பெரிய ஓட்டை இது. அங்கீகாரம் முதலாளியின் கருணை. வெளியாள் தலைவராக இருந்தால் பேசமாட்டோம் என்பார்கள். உள்ளாள் தலைவரானால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. அதனால்தான் ‘சங்கத்தை அங்கீகரி’ என்பது நாற்பதுகள் வரை ஏறக்குறைய எல்லாக் கோரிக்கைப் பட்டியலிலும் வந்துகொண்டே இருந்தது.

ஒரு வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பேர் மாதம் ஓரணா (பதினாறணா ஒரு ரூபாய்) சந்தா கொடுத்தால் மாதத்துக்கு 625 ரூபாய், ஆண்டுக்கு 7,500. வேலைநிறுத்த நாளில் ஆளுக்கு நாலணா அரிசிச் செலவு என்றால் ஒரு நாளுக்கு 2,500 ரூபாய். ஓராண்டுச் சேமிப்பு மூன்றே நாளில் தீரும். இதனால் அரிசி வியாபாரியின் கடனும், ஊருக்குத் திரும்பி வயல் வேலை பார்க்கும் வாய்ப்பும், கடைத்தெரு வசூலும் சேர்ந்துதான் வேலைநிறுத்தத்தின் ஆயுளைத் தீர்மானித்தன. அறுவடைக் காலத்தில் தொடங்கியது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

மறுபக்கத்தில் அரசின் கருவிகள்: 144 தடை உத்தரவு, நன்னடத்தை ஜாமீன், 124-அ ராஜத்துரோகம். 1861 போலீஸ் சட்டப்படி கூடுதல் போலீசை ஊரில் நிறுத்தி அதன் செலவை ஊர்மக்களிடமே வசூலிக்கவும் முடியும்.

1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் எங்கே சறுக்கியது?

நாகப்பட்டினத்திலிருந்த பணிமனையைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். அதோடு ஆட்குறைப்பு, திறன் சோதனை என்ற பெயரில் தரம் இறக்கல். ஜூலை 19 நள்ளிரவு தாண்டியதும் வேலைநிறுத்தம். ஜூலை 30 இல் கைவிடப்பட்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னணியில் நின்றார்கள்.

ரயில்வே வேலைநிறுத்தத்தின் உயிர் எஞ்சின் ஓட்டுநரிடமும் சிக்னல் அறையிலும் இருக்கிறது. பணிமனை மூடினால் வண்டி பழுதாக மாதங்கள் ஆகும். ஓட்டுநர் இறங்கினால் அன்றே நிற்கும். அந்த உயர் வேலைகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் நிறைந்திருந்தார்கள். பலர் அரசின் பகுதிநேரத் துணைப்படையிலும் பதிவு செய்திருந்தவர்கள். தலைவர்களை மொத்தமாகக் கைது செய்ததும் கிளைகளுக்குச் செய்தி போகவில்லை. சிங்காரவேலருக்கு முதலில் பத்தாண்டு தண்டனை. மேல்முறையீட்டில் பதினெட்டு மாதமாகக் குறைந்தது. அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர்.

இந்தியாவில் மே தினம் சென்னையில்தான் முதலில் கொண்டாடப்பட்டதா?

ஆம், 1923 மே 1. சிங்காரவேலர் இரண்டு கூட்டங்கள் நடத்தினார்: ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அன்றே இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் அறிவித்தார். காங்கிரசுக்குள் இருந்தபடியே செயல்படும் கட்சி என்பதுதான் அவருடைய திட்டம். ‘தொழிலாளன்’ என்ற தமிழ் இதழும் நடத்தினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

அரசியல் வேலைநிறுத்தம் சட்டவிரோதமா?

1929 தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பிறகு, ஆம். அந்தத் தொழிலின் தகராறைத் தாண்டிய நோக்கத்தோடு, பொதுமக்களுக்குக் கடும் சிரமம் உண்டாக்கி அரசை நிர்ப்பந்திக்கும் வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்டது. ரயில்வே, தபால், நீர், மின்சாரம் போன்ற பொதுப் பயன் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி சட்டசபையில் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியபோது அவையின் முன் இருந்தவை இந்த மசோதாவும் பொதுப் பாதுகாப்பு மசோதாவும். அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 20 இல், கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கத் தலைவர்கள் மீதான மீரத் சதி வழக்குக் கைதுகள். தொழிலாளர் அரசியலைக் கண்டு அரசு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இந்த மூன்று வாரங்களே சாட்சி.

தொழிலாளர்களுக்குச் சட்டசபையில் இடம் இருந்ததா?

1935 இந்திய அரசுச் சட்டம் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் தொழிலாளருக்கு 6 ஒதுக்கியது; எல்லா மாகாணங்களிலும் சேர்த்து 38. 1937 இல் வி.வி.கிரி ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சரானார். தொழிற்சங்கத்திலிருந்து வந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்ததும் எதிர்பார்ப்பு பெருகியது, வேலைநிறுத்தங்களும் பெருகின. நம்முடைய அரசு என்று நினைத்தவர்கள் அதே 144 ஐ மறுபடி சந்தித்தார்கள்.

பெண் தொழிலாளர்கள்?

நூல் சுற்றும் பிரிவிலும் கழிவுப் பஞ்சுப் பிரிவிலும் குறைந்த கூலிக்கு வேலை செய்தார்கள். சங்க நிர்வாகக் குழுக்களில் அவர்கள் பெயர் அரிது. சென்னை மாகாணப் பேறுகாலச் சட்டம் 1934 இல் நிறைவேறியது. செலவு முழுவதும் முதலாளி தலையில் விழுந்ததால், மணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது.

கோயம்புத்தூர் ஏன் தாமதமாகக் கொதித்தது?

ஆலைகளே அங்கே தாமதமாகத்தான் பெருகின. ஸ்டேன்ஸ் ஆலை 1888 இல் தொடங்கியது. ஆனால் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் வந்த பிறகே நகரைச் சுற்றி ஆலைகள் வரிசைகட்டின. தொழிலாளர்கள் அக்கம்பக்கக் கிராமத்து விவசாயக் குடும்பங்கள், முதலாளிகளும் உள்ளூர்க்காரர்கள். அதனால் மோதல் தெருவிலும் வீட்டு வாசலிலும் நடந்தது. சங்கத்துக்கு எதிராக அடியாட்களை ஏவினார்கள். ரங்கவிலாஸ் ஆலையை ஒட்டி எழுந்த ஒரு கொலை வழக்கில் சின்னியம்பாளையத்தின் இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 5 இல் பொன்மலையில் ரயில்வேத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு, ஐவர் பலி. போர்க்கால விலையேற்றமும் பஞ்சப்படிக் கோரிக்கையும் இவற்றின் பின்னணி.

கடல் கடந்த தமிழ்த் தொழிலாளர்கள்?

இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு. கங்காணியின் (ஆள் திரட்டி வேலை வாங்கும் மேற்பார்வையாளர்) ஆட்கள் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த தோட்டம் அதைக் கட்டினால்தான் விடுதலை. 1921 இல் ஒழிக்கப்பட்டது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் சங்கத்தார் உள்ளே காலெடுத்து வைத்தாலே அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து போன நடேச ஐயர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) நுழைந்தார் என்று சொல்வார்கள். 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் எழுதிய பாட்டுகளே பல கூட்டங்களில் பேச்சைவிட அதிகம் வேலை செய்தன. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் போலீஸ் குண்டுக்குப் பலியானார்.

மலாயாவில் 1941 கிள்ளான் வேலைநிறுத்தம். கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலியோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூடவும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தவும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள், படை வந்தது, உயிர்கள் போயின.

பழைய போலீஸ் அறிக்கைகளை எப்படிப் படிப்பது?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகள் கட்டுக்கட்டாக உள்ளன. அவற்றில் ‘வெளியாள் தூண்டுதல்’ என்ற சொல் வரும் இடத்தில் நிறுத்தி, அதற்கு முந்தைய வாரத்தில் அபராதமோ ஆட்குறைப்போ கூலி வெட்டோ நடந்ததா என்று பாருங்கள். வேலைநிறுத்தக்காரர் எண்ணிக்கையில் போலீசும் கம்பெனியும் பத்திரிகையும் மூன்று விதமாகச் சொல்லும். ஒன்றை மட்டும் எடுக்கக் கூடாது. இறந்தவர்களின் பெயர் அறிக்கையில் இல்லாவிட்டால் விசாரணை நீதிமன்றப் பதிவிலும் அந்த நாளின் தமிழ் இதழ்களிலும் தேடுங்கள். சாதி குறிக்கப்பட்டிருக்கும் இடத்தில் அதை எழுதியவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.